முடித்திருப்பார்கள்: நீலகிரி வகுப்பறையில் ஒரு பிரெஞ்சு வினைக்காலம்

பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழை எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. பதினொன்றாம் வகுப்பில் அந்தக் கட்டு தளர்கிறது. மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று பலர் பிரெஞ்சுக்கு மாறுகிறார்கள். உறைவிடப் பள்ளிகள் நிறைந்த ஊட்டியிலும் குன்னூரிலும் இன்னும் சிறு வயதிலேயே தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழில் நினைத்து, தமிழில் சண்டை போட்டு வளர்ந்த இந்தப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு இலக்கணம் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. பெரும்பாலான பாடங்களில் இதனால் பெரிய நட்டம் இல்லை. ஒரு பாடத்தில் மட்டும் நட்டம் மிக அதிகம் என்பது என் முடிவு. பிரெஞ்சுக்காரர்கள் 'ஃப்யூத்யூர் ஆந்தேரியர்' என்று அழைக்கும் காலம் அது. வரப்போகும் ஒரு நேரத்துக்குள் முடிந்துபோயிருக்கும் செயலைச் சொல்லும் வினைவடிவம். எதிர்கால நிறைவு என்று இங்கே அதை அழைக்கிறேன்.

இந்தக் காலத்துக்கு வேண்டிய கருவி முழுவதும் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதைவிடப் பொருத்தமாகவே இருக்கிறது. அதைக் காண இலக்கண நூலுக்குப் போக வேண்டியதில்லை, தேயிலைக் காட்டுக்குப் போனால் போதும்.

காலை பத்து மணி. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஐந்தாம் நம்பர் காட்டில் நிரை பிடித்து நிற்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து போன் வருகிறது: "பன்னெண்டு மணிக்குள்ள அஞ்சாம் நம்பர் முடிஞ்சிருமா?" மேஸ்திரி சொல்கிறார்: "பன்னெண்டுக்கெல்லாம் முடிச்சிருப்பாங்க." இது எதிர்காலம். பன்னிரண்டு மணி இன்னும் வரவில்லை. பேசுகிறவர் மனத்தால் பன்னிரண்டுக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து திரும்பிப் பார்த்து, வேலை முடிந்த நிலையைச் சொல்கிறார்.

இப்போது மணி ஒன்று. மேஸ்திரி வேறு காட்டில் இருக்கிறார். ஐந்தாம் நம்பர் என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்கிறார்கள். அவர் நேரில் பார்க்கவில்லை. "முடிச்சிருப்பாங்க" என்கிறார். அதே சொல், அதே விகுதி. ஆனால் இது எதிர்காலம் அல்ல. நடந்து முடிந்ததாகத் தாம் கருதும் ஒன்றை ஊகித்துச் சொல்கிறார். சொல் மாறவில்லை. கடிகாரம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

பிரெஞ்சிலும் அச்சாக இதுவே நடக்கிறது. 'இல்ஸோரோன் ஃபினி ஆ மிதி' என்றால் பன்னிரண்டு மணிக்கு முடித்திருப்பார்கள். நேரம் கடந்த பிறகு வெறுமனே 'இல்ஸோரோன் ஃபினி' என்றால் முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன் என்று பொருள். பஸ்ஸில் வரவேண்டியவரைக் காணோம்: 'இல் ஓரா மான்கே லெ ப்யூஸ்', பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். சாவியைக் காணோம்: 'எல் ஓரா உப்லியே லா க்லே', சாவியை மறந்திருப்பாள். நம் வகுப்பறை ஆங்கிலம் இந்த இரண்டையும் வேறு வேறு துணைவினைகளால் பிரித்தே கற்பிக்கிறது. எதிர்காலத்துக்கு ஒன்று, ஊகத்துக்கு இன்னொன்று. அதனால் ஆங்கிலத்தை ஏணியாக வைத்து ஏறும் மாணவர் ஊகப் பொருளில் இந்தக் காலத்தைப் பார்த்ததும் திகைக்கிறார். 'நேற்று நடந்ததைச் சொல்ல எதற்கு எதிர்காலம்?' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கான விடை அவர் வீட்டிலேயே இருக்கிறது. அப்பா வர நேரமானால் அவருடைய அம்மா என்ன சொல்கிறார்? 'வழியில் யாரையாவது பார்த்திருப்பார்.' அங்கேயும் எதிர்கால இடைநிலைதான். யாரும் திகைப்பதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பேச்சில் ஊகத்தைச் சொல்ல 'வேண்டும்' என்ற பொருள்படும் 'துவார்' என்ற துணைவினையே அதிகம் புழங்குகிறது: 'இல் ஆ த்யூ உப்லியே.' எதிர்கால நிறைவால் ஊகிப்பது கொஞ்சம் எழுத்துநடை சார்ந்தது. தமிழில் அப்படி இல்லை. எழுத்தறியாதவரும் நாள் முழுக்கச் சொல்லும் வடிவம் இது. அந்த வகையில் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பிள்ளையைவிடப் பழக்கம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இனி வடிவம். 'முடித்திருப்பார்கள்' என்பதைப் பிரித்தால் 'முடித்து' என்ற இறந்தகால வினையெச்சம், 'இரு' என்ற துணைவினை, 'ப்ப்' என்ற எதிர்கால இடைநிலை, 'ஆர்கள்' என்ற விகுதி. செயல் முடிந்துவிட்டது என்பதை எச்சம் சொல்கிறது. அந்த நிலை எப்போது என்பதை இடைநிலை சொல்கிறது. யாருடைய செயல் என்பதை விகுதி சொல்கிறது. பிரெஞ்சில் இதே உறுப்புகள் தலைகீழ் வரிசையில் நிற்கின்றன. முதலில் துணைவினையின் எதிர்காலம், பிறகு முடிந்ததைக் காட்டும் எச்ச வடிவம். துணைவினை 'அவ்வார்'. அதன் எதிர்காலம் ஆறு வடிவங்கள்: ஜோரே, த்யூ ஓரா, இல் ஓரா, நூஸோரோன், வூஸோரே, இல்ஸோரோன். இவற்றின் பின்னால் 'ஃபினி' என்று வைத்தால் முடித்திருப்பேன் முதல் முடித்திருப்பார்கள் வரை வந்துவிடும். 'பார்லே' வைத்தால் பேசியிருப்பேன். 'வ்யூ' வைத்தால் பார்த்திருப்பேன். ஆறு துணைவினை வடிவங்களும் ஒவ்வொரு வினைக்கும் ஓர் எச்சமும் தெரிந்தால் வேலை முடிந்தது. ஆங்கிலப் பாடநூல்கள் பல பக்கங்களுக்கு வாய்பாடு போடுகின்றன. பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைக்கு அதில் பாதி தேவையில்லை.

எதிர்மறைக்கு இரு மொழிகளும் வேறு வேறு வழியில் போகின்றன. பிரெஞ்சில் துணைவினைக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு சொற்கள் வரும்: 'இல் நோரா பா ஃபினி.' தமிழில் துணைவினையே மாறிவிடும்: 'முடித்திருக்க மாட்டான்.' அஃறிணையில் 'முடிந்திருக்காது'. இந்த இடத்தில் தமிழ்தான் சிக்கலானது, பிரெஞ்சு எளிது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தெம்பு வரும்.

பிரெஞ்சில் உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் காலத்துக்குத் தமிழில் துணைவினை எப்போதும் 'இரு' ஒன்றுதான். பிரெஞ்சில் இரண்டு. பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்'. போதல், வருதல், புறப்படுதல், சேர்தல், ஏறுதல், இறங்குதல், விழுதல், பிறத்தல், இறத்தல் போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கும், செயல் செய்கிறவரிடமே திரும்பும் வினைகளுக்கும் 'எத்ர்': ஜெ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். எனவே 'புறப்பட்டிருப்பேன்' என்பது 'ஜெ ஸெரே பார்த்தி'. 'எழுந்திருப்பேன்' என்பது 'ஜெ மெ ஸெரே லெவே'. இந்தக் கூட்டத்தில் எச்சமும் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எழுத்தில் மாறும். 'எல் ஸெரா பார்த்தி' என்று ஒரு பெண்ணைச் சொல்லும்போது எழுத்தில் கடைசியில் ஓர் எழுத்து கூடும், ஒலியில் வேறுபாடு இராது. 'புறப்பட்டிருப்பாள்' என்னும்போது நாம் பாலை விகுதியில் காட்டுகிறோம், அவர்கள் எச்சத்தில் காட்டுகிறார்கள்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு ஏறுதலும் இறங்குதலும் அன்றாடம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ரயில் பாதை திறந்தது, 1908இல் ஊட்டியை எட்டியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு வண்டி மேலேறும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. இந்த ரயிலை வைத்தே மோந்த்தே என்ற வினையின் இரட்டைப் போக்கைக் காட்டிவிடலாம். வண்டி தானே ஏறினால் 'எத்ர்': 'லெ த்ரேன் ஸெரா மோந்த்தே', ரயில் ஏறியிருக்கும். சுமைதூக்குபவர் பெட்டியை மேலே ஏற்றினால் 'அவ்வார்': 'இல் ஓரா மோந்த்தே லா வலீஸ்', பெட்டியை ஏற்றியிருப்பார். தமிழ் மாணவருக்கு இது ஏறு, ஏற்று என்ற தன்வினை பிறவினை வேறுபாடு. இறங்கு, இறக்கு என்பதும் அப்படியே. பிரெஞ்சு வினைச்சொல்லை மாற்றாமல் துணைவினையை மாற்றுகிறது, தமிழ் வினைச்சொல்லையே மாற்றுகிறது. ஆங்கிலவழி விளக்கத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விதி இது.

மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இன்னொரு இடம், 'முடித்திருப்பேன்' என்பதற்கும் 'முடித்துவிடுவேன்' என்பதற்கும் உள்ள இடைவெளி. நாளைக்குள் முடித்துவிடுவேன் என்பது வாக்குறுதி. 'விடு' செயலின் உறுதியைச் சொல்கிறது. அதற்குப் பிரெஞ்சில் சாதாரண எதிர்காலமே போதும்: 'ஜெ ஃபினிரே.' நாளை இந்நேரம் முடித்திருப்பேன் என்பது நிலை. அதற்குத்தான் 'ஜோரே ஃபினி'. 'விடு', 'இரு' என்ற இரண்டு துணைவினைகளின் வேலையையும் தமிழ் மாணவர் ஒருமுறை உட்கார்ந்து யோசித்தால் போதும். மொழியியலாளர் இ. அண்ணாமலையும், புதுச்சேரியில் 1989இல் வெளிவந்த தற்காலத் தமிழ் இலக்கணத்தில் தாமஸ் லேமனும் இந்தத் துணைவினைகளை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி பல்கலைக்கழகத் துறைகளுக்குள்ளேயே நின்றுவிட்டது, பள்ளிக்கு வரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அடுத்து வருவது தேர்வில் அதிக மதிப்பெண் போகும் இடம். 'ரயில் குன்னூர் வந்ததும் இறங்குவோம்.' பிரெஞ்சில்: 'கான் லெ த்ரேன் ஸெரா அரிவே ஆ குன்னூர், நூ தெஸான்த்ரோன்.' தலைமை வாக்கியம் எதிர்காலத்தில் இருந்து, அதற்கு முன்பே நடந்து முடியவேண்டிய செயலை 'கான்', 'தே கெ' போன்ற சொற்களால் தொடங்கினால், அந்தச் செயல் எதிர்கால நிறைவில் வர வேண்டும். ஆங்கிலம் இந்த இடத்தில் எதிர்காலத்தை ஏற்பதில்லை, நிகழ்கால வடிவையே கேட்கும். அதைப் பார்த்துப் பெயர்த்த மாணவர் 'லெ த்ரேன் எ அரிவே' என்று எழுதிவிடுகிறார். பிரெஞ்சில் அது ரயில் ஏற்கெனவே வந்துவிட்டதைச் சொல்லும்.

தமிழ் வாக்கியத்தை உற்றுப் பாருங்கள். 'வந்ததும்' என்பதில் இருப்பது இறந்தகால இடைநிலை. ரயில் இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்த காலம். ஏனென்றால் தமிழ் எச்சமும் தொழிற்பெயரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்க்கின்றன. இறங்குவதற்கு முன் வருவது முடிய வேண்டும், அவ்வளவுதான் அந்த இடைநிலைக்குத் தெரியும். எல்லாம் எப்போது நடக்கும் என்பதை வாக்கியக் கடைசியில் வரும் 'இறங்குவோம்' ஒன்றே சொல்கிறது. அதாவது பிரெஞ்சு எதிர்கால நிறைவின் இரண்டு கூறுகளும் தமிழ் வாக்கியத்தில் இருக்கின்றன, இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. 'வந்ததும்' என்பதில் உள்ள இறந்தகாலம் பிரெஞ்சில் எச்சமாகிறது, 'அரிவே'. 'இறங்குவோம்' என்பதில் உள்ள எதிர்காலம் துணைவினைக்கும் ஏறுகிறது, 'ஸெரா'. இந்த இரண்டையும் எடுத்து ஒட்டக் கற்றுக்கொண்ட மாணவர் பிழை செய்ய வழியே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படிப்பேன், மழை விட்டதும் கிளம்புவோம், அவர் வந்த பிறகு சொல்வேன் என்று எத்தனை வாக்கியங்களை வேண்டுமானாலும் இந்த முறையில் மாற்றிப் பார்க்கலாம்.

இறந்தகால வடிவம் எதிர்காலத்துக்குப் போவது தமிழிலக்கணத்துக்குப் பழைய செய்தி. தொல்காப்பியம் வினையியலில், இனி நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் விரைவு தோன்றச் சொல்ல இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. கூப்பிட்டவருக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறோமே, அதுதான். பிரெஞ்சு எதிர்கால நிறைவுக்கும் இந்த விரைவுப் பொருள் உண்டு. 'ஜோரே வீத் ஃபினி' என்று ஒருவர் சொன்னால், 'நொடியில் முடித்துவிடுவேன், நீங்கள் பார்க்கும்போது முடிந்திருக்கும்' என்ற அவசரம் அதில் கேட்கும். செயலைத் தாண்டிப் போய் அதன் முடிவிலிருந்து பேசும்போது வேகம் தானாக வந்துவிடுகிறது. தமிழ் அதற்கு இறந்தகாலத்தை எடுத்தது. பிரெஞ்சு எதிர்காலத்துக்குள் ஒரு நிறைவை வைத்தது. தொல்காப்பியர் கண்ட காரணம் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

இரண்டு மொழிகளும் இந்த வடிவத்தைப் பிற்காலத்தில் உருவாக்கிக்கொண்டவை. லத்தீனில் எதிர்கால நிறைவு ஒரே சொல்லாக இருந்தது. 'அமாவெரோ' என்றால் நேசித்திருப்பேன். அது வழக்கொழிந்த பின், 'உடைமையாகக் கொள்' என்ற பொருளுள்ள வினையைத் துணையாக்கிப் புதிதாகக் கட்டினார்கள். பிரெஞ்சின் சாதாரண எதிர்காலமும் அதே வினையை ஒட்டிப் பிறந்ததுதான். சங்கத் தமிழிலும் எச்சத்தோடு 'இரு' சேரும் இந்தக் கூட்டுவினை இன்றைய அளவுக்கு உருப்பெறவில்லை. ஒருவர் 'உடைமை'யையும் மற்றவர் 'இருப்பை'யும் எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

பொருந்தாத இடங்களையும் மறைக்கக் கூடாது. முதலாவது, நடக்காமல் போனதைச் சொல்வது. 'நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.' இங்கும் 'இருப்பேன்'தான். ஆனால் பிரெஞ்சு இதற்கு எதிர்கால நிறைவைத் தராது, நிபந்தனை வினையைத் தரும்: 'ஜெ ஸெரெ வெனு.' 'ஸெரே', 'ஸெரெ' இரண்டும் பலர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும், எழுத்தில் ஒரு மெய் கூடுதல். தமிழில் ஒரே வடிவம், பிரெஞ்சில் காதுக்கு ஒரே ஒலி. இரண்டு பக்கமும் பிசகுவதற்கு வாய்ப்பு. 'ஆல்' என்ற நிபந்தனை வாக்கியத்தில் இருந்து செயல் நடக்கவில்லை என்றால், எதிர்கால நிறைவு வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஆல்' பொருள்தரும் பிரெஞ்சு 'ஸீ'க்குப் பின்னும் எதிர்காலம் வராது. 'மழை விட்டால்' என்பதை 'மழை விட்டதும்' போலப் பெயர்க்கக் கூடாது.

இரண்டாவது, பழைய வழக்கத்தைச் சொல்வது. 'அந்தக் காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் மேட்டுக் காட்டுக்கு ஏறியிருப்பார்கள்' என்று ஒரு மூத்த தொழிலாளி சொன்னால் அதில் எதிர்காலமும் இல்லை, ஊகமும் இல்லை. அவர் தம் கண்ணால் கண்ட அன்றாட வழக்கத்தைச் சொல்கிறார். தமிழின் எதிர்கால இடைநிலை வழக்கத்தையும் தாங்கும். பிரெஞ்சுக்கு இங்கே இறந்தகால வடிவமே வேண்டும்.

மூன்றாவது, பிரெஞ்சில் உள்ள, ஆனால் தமிழில் இல்லாத ஒன்று. ஒருவர் இறந்தபின் அல்லது ஓய்வு பெறும்போது அவர் வாழ்க்கையை மொத்தமாகப் பார்த்து எழுதும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் எதிர்கால நிறைவைக் கையாள்வது உண்டு: 'இல் ஓரா மார்க்கே சோன் எபோக்', தம் காலத்தில் தடம் பதித்தவர். நடந்தது எல்லாம் இறந்தகாலம். ஆனாலும் வருங்காலம் அவரைப் பார்க்கப்போகும் இடத்தில் நின்று எழுதுகிறார்கள். இதைத் தமிழில் 'தடம் பதித்திருப்பார்' என்று எழுதினால் பாராட்டு சந்தேகமாகிவிடும். 'பதித்திருக்கிறார்' என்றுதான் எழுத வேண்டும். தமிழ் மாணவர் இந்த ஒன்றைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

இந்த மலைக்குப் பிரெஞ்சு புதிதல்ல. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய அதே 1819இல், புதுச்சேரியில் பணியாற்றிய தாவரவியலாளர் லெஷனோ த லா தூர் உடல்நலம் தேடி இங்கே வந்தார். சோலைகளில் பூக்கும் வெள்ளைக் காசித்தும்பை இனம் ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டியிருக்கிறது. கேத்தியில் அரசு தொடங்கிய சோதனைப் பண்ணை 1836இல் மூடப்பட்ட பின் அந்த இடம் புதுச்சேரி ஆளுநரின் கைக்கு வந்தது. அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த தேயிலைச் செடிகளைப் பேணி வளர்த்து, அவற்றைப் பற்றி எழுதியவர் தாவரவியலாளர் பெரோத்தே. நீலகிரித் தேயிலையின் முதல் பக்கங்களில் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்து இருக்கிறது. நாந்த் நகரில் பிறந்த எலேன் த ஷப்போத்தன் 1865இல் துறவியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் பணியாற்றினார். 1876இல் தாம் சேர்ந்திருந்த சபையிலிருந்து தம்மைப் போலவே பிரிந்த சுமார் இருபது சகோதரிகளோடு ஊட்டி இல்லத்தில் ஒன்றுகூடினார். 1877 ஜனவரி 6 அன்று ரோமின் ஒப்புதல் பெற்ற அந்தக் குழுதான், மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபையாகப் பின்னர் உலகெங்கும் பரவியது.

இப்படி வந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழ் வினை எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் கவனத்தை இழுப்பது. அவர்கள் ஆங்கிலத்தைச் சுற்றிவரவில்லை. புதுச்சேரி மறைப்பணியாளர்கள் மூசேயும் துய்புய்யும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855லும் 1862லும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. காரைக்காலில் இளமையைக் கழித்த ஜூலியன் வின்சோன், திராவிட மொழிகளின் வினையைப் பற்றியே தனி நூல் ஒன்றை 1878இல் பாரிஸில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு முதல் அங்கே கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார், 1903இல் தமிழ்க் கையேடு ஒன்றும் எழுதினார். வினையை வினையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

மலையின் பிற மொழிகளையும் இப்படி வெளியிலிருந்து வந்தவர்கள் ஆராய்ந்தார்கள். ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு. போப், கேத்தியில் தங்கியிருந்த பாசல் மிஷன் மெட்ஸ் திரட்டிய சொற்களையும் வாக்கியங்களையும் வைத்துத் தோடர் மொழிக்கு ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதினார். அது 1873இல், தோடரைப் பற்றி மார்ஷல் எழுதிய நூலோடு அச்சானது. 1935 முதல் 1938 வரை இங்கே களப்பணி செய்த மரே எமனோ, கோத்தர் மொழியையும் தோடர் மொழியையும் உலக மொழியியலின் மேசைக்குக் கொண்டுபோனார். இறந்தகாலம், இறவாக்காலம் என்ற பழைய திராவிடப் பிரிவை இந்த மலைமொழிகளின் வினையடிகளில் தெளிவாகக் காணலாம். பால் ஹாக்கிங்ஸும் பிரெஞ்சு மொழியியலாளர் கிறிஸ்தியான் பிலோ-ரைஷூரும் தொகுத்த, படகர் பேசும் மொழிக்கான படகு–ஆங்கில அகராதி 1992இல் வந்தது. படகு மொழியைப் பற்றிப் பிலோ-ரைஷூர் பிரெஞ்சிலேயே ஆய்வேடு எழுதினார். பாரிஸிலிருந்து ஒருவர் படகு வினையைப் பிரெஞ்சில் விளக்க முடிகிறது. கோத்தகிரியில் படகு பேசும் ஒரு பெண் பிள்ளை பிரெஞ்சு வினையைப் படகு வழியாகவோ தமிழ் வழியாகவோ கற்க வழியில்லை. போக்குவரத்து ஒரு பக்கமாகவே ஓடுகிறது, இது சரியல்ல.

தோட்டப் பகுதிகளில் இது இன்னும் உறுத்துகிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களை அமர்த்த 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆனது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று படித்து வெளியே வருகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கு ஆங்கிலம் வழியாக மூன்றாவது மொழி என்பது இரண்டு மலைகளை ஒரே நாளில் ஏறுவது. அந்தப் பிள்ளையின் பாட்டி எடைபோடும் இடத்தில் 'விடியறதுக்குள்ள கொழுந்து வாடியிருக்கும்' என்று சொல்லும்போது, பிரெஞ்சுப் பாடநூல் பல பக்கங்கள் கழித்து வந்து சேரும் காலத்தை அவர் சுலபமாகக் கையாள்கிறார்.

இதற்குப் புதுப் பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. எதிர்கால நிறைவு வரும் வாரத்தில் ஆசிரியர் முதல் வகுப்பில் பிரெஞ்சே பேசாமல், பிள்ளைகளிடம் 'இருப்பார்', 'இருப்பாள்', 'இருக்கும்' என்று முடியும் வாக்கியங்களை வீட்டிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். வந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் நான்கு பத்தியாகப் பிரிக்கலாம்: இனி முடியப்போவது, முடிந்திருக்கலாம் என்று ஊகிப்பது, நடக்காமல் போனது, பழைய வழக்கம். முதல் இரண்டு பத்திகளை எதிர்கால நிறைவுக்கு அனுப்பலாம், மூன்றாவதை நிபந்தனை வினைக்கு, நான்காவதை இறந்தகாலத்துக்கு. இரண்டாவது வகுப்பில் முதல் இரண்டு பத்திகளில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் துணைவினை 'அவ்வார்' ஆ 'எத்ர்' ஆ என்று குறிக்க வேண்டும். ஏறு–ஏற்று போன்ற இணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். மூன்றாவது வகுப்பில் 'ததும்', 'த பிறகு' வாக்கியங்களை எடுத்து, இறந்தகால இடைநிலையின் கீழ் ஒரு கோடும் கடைசி வினையின் எதிர்கால இடைநிலையின் கீழ் இன்னொரு கோடும் போட்டு, இரண்டையும் பிரெஞ்சில் ஒரே வினையில் சேர்க்கச் சொல்லலாம். படகோ கோத்தரோ பேசும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்கள் மொழி வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எதிர்மறையை நான்காவது வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 'முடித்திருக்க மாட்டான்' என்பதைவிட 'இல் நோரா பா ஃபினி' எளிது என்று பிள்ளைகள் அப்போது தாங்களே சொல்வார்கள்.